மூக்குக் கண்ணாடித் திருகாணி ஏன் கழல்கிறது?

காலை மணி எட்டு. பத்து மணிக்குக் கணிதத் தேர்வு. அவசரமாக மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறீர்கள். எதிர்ச் சுவரில் தொங்கும் நாள்காட்டியின் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. கழற்றிப் பார்த்தால், வலப்பக்க வில்லை தன் பிடியில் நில்லாமல் தள்ளாடுகிறது.

உங்களுடையது விளிம்பில்லாக் கண்ணாடி. கடையில் 'ரிம்லெஸ்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். அணிந்திருப்பதே தெரியாத அளவுக்கு இலேசானது, பார்வைக்கும் அழகானது. திண்ணையில் அப்புச்சி அமர்ந்திருக்கிறார். பீளமேட்டில் ஒரு மோட்டார்ப் பட்டறையில் நாற்பது ஆண்டுகள் ஸ்பேனர் பிடித்த கை அவருடையது.

"அப்புச்சி, கண்ணாடி ஆடுதுங்க."

"இங்க கொண்டா கண்ணு. இன்னும் ஒரு சுத்து இறுக்குனா ஆட்டம் நின்னு போவுது."

சிறு திருப்புளியால் அவர் இறுக்குகிறார். ஆட்டம் நின்றுவிடுகிறது. அடுத்த நொடியில் 'டிக்' என்று ஓர் ஒலி! திருகாணி நுழைந்த துளையிலிருந்து வில்லையின் ஓரம் வரை மயிரிழை போன்ற ஒரு கீறல் ஓடியிருக்கிறது. அப்புச்சி கண்ணாடியைப் பார்க்கிறார், பிறகு உங்களைப் பார்க்கிறார், ஒன்றும் பேசவில்லை.

மோட்டாருக்கு நாற்பது ஆண்டுகள் பலித்த வைத்தியம் மூக்குக் கண்ணாடிக்கு ஏன் பலிக்கவில்லை? முதலில், அந்தத் திருகாணி ஏன் கழன்றது? யாரும் அதைத் திருப்பவில்லையே! இந்தச் சிறிய கேள்விக்குள் இயற்பியலின் பெரிய பாடம் ஒன்று ஒளிந்திருக்கிறது. வாருங்கள், காண்போம்.

விளிம்பு போனால் பாரம் யார் மேல்?

சாதாரண மூக்குக் கண்ணாடியில் வில்லையைச் சுற்றிலும் உலோகத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சட்டம் உண்டு. காதில் மாட்டும் கம்பியும் மூக்கின் மேல் அமரும் பாலமும் அந்தச் சட்டத்தில்தான் பொருத்தப்பட்டிருக்கும். கம்பியை விரித்தாலும் மடக்கினாலும் விசையைத் தாங்குவது சட்டம். வில்லை அதற்குள் சும்மா அமர்ந்திருக்கிறது.

விளிம்பில்லாக் கண்ணாடியில் சட்டமே இல்லை. இரு கம்பிகள், நடுவே ஒரு பாலம் என்று மூன்றே துண்டுகள். இவற்றை இணைப்பவை வில்லைகளே. ஒவ்வொரு வில்லையிலும் மூக்குப் பக்கம் ஒன்றோ இரண்டோ, காதுப் பக்கம் ஒன்றோ இரண்டோ துளைகள் இட்டு, அவற்றில் நுண்ணிய திருகாணிகளைச் செலுத்தி, பின்புறம் நட்டு போட்டு இறுக்குகிறார்கள். ஆகவே இங்கே வில்லைதான் சட்டம். விசை முழுவதும் அந்தச் சிறு துளைகளின் வழியே செல்கிறது.

அந்த விசை எவ்வளவு? கடப்பாரையால் பாறையைப் பெயர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட கை, குறுகிய கை என்ற நெம்புகோல் தத்துவம் அது. கண்ணாடிக் கம்பியின் நீளம் சுமார் 14 செ.மீ. கம்பியின் முனைத் தகடு வில்லையின் ஓரத்தில் ஊன்றி நிற்கும் இடத்திலிருந்து திருகாணி ஏறத்தாழ 3.5 மி.மீ. தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். 140-ஐ 3.5 ஆல் வகுத்தால் 40. முழுவதும் விரிந்த கம்பியின் நுனியை மேலும் 100 கிராம் எடை அளவு விசையோடு வெளிப்புறம் இழுத்தால், திருகாணியின் இடத்தில் அது 4 கிலோ எடை அளவு விசையாகப் பெருகிவிடும்! ஒரே கையால் கண்ணாடியை வெடுக்கென்று கழற்றும்போது நாம் செய்வது இதைத்தான்.

சரி, வில்லை ஓர் இம்மி ஆடினால் என்ன கெட்டுவிடும் என்கிறீர்களா? உங்கள் கண்ணாடியின் திறன் மைனஸ் 4 டயாப்டர் என்று வைத்துக்கொள்வோம். வில்லையின் மையம் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும். தளர்ந்த வில்லை 2 மி.மீ. கீழே இறங்கிவிட்டால், அது முப்பட்டகம் போல் ஒளியை ஒரு பக்கம் வளைக்கத் தொடங்கும். டயாப்டரைச் சென்டிமீட்டரில் அளந்த விலகலால் பெருக்குங்கள்: 4 x 0.2 = 0.8. அதாவது ஒரு மீட்டர் தொலைவில் காட்சி 0.8 செ.மீ. இடம் பெயர்கிறது. ஐந்து மீட்டர் தொலைவிலுள்ள கரும்பலகையில் அது 4 செ.மீ. ஒரு கண் எழுத்தை ஓரிடத்திலும் மற்றொரு கண் 4 செ.மீ. மேலேயோ கீழேயோ காணும். இரண்டையும் ஒன்றாக்கக் கண் தசைகள் படாதபாடு படும். தலைவலிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

திருகாணி ஒரு சாய்தளம்

ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டிக்கொள்ளுங்கள். அதைப் பென்சிலின் மேல் சுற்றுங்கள். முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு பென்சிலைச் சுற்றி ஏறும் கோடாகத் தெரிகிறதல்லவா? அதுதான் மரை. திருகாணி என்பது தண்டைச் சுற்றி வளைந்து ஏறும் ஒரு மலைப்பாதை. மருதமலைக்குப் பேருந்து சுற்றிச் சுற்றி ஏறுவதைப் போல, நட்டு அந்தப் பாதையில் ஏறுகிறது.

மூக்குக் கண்ணாடிகளில் பரவலாகப் பயன்படும் திருகாணி ஒன்றின் விட்டம் 1.4 மி.மீ. ஒரு முழுச் சுற்றுக்கு நட்டு முன்னேறும் தொலைவு 0.3 மி.மீ. மரையின் நடு ஆழத்தில் ஒரு சுற்றின் நீளம் சுமார் 3.8 மி.மீ. ஆகவே 3.8 மி.மீ. நடந்தால் 0.3 மி.மீ. ஏற்றம். சாய்வு 0.08 தான். மிக மெதுவான ஏற்றம் இது.

நட்டை இறுக்கும்போது திருகாணியின் தண்டு மிக நுட்பமாக நீளுகிறது. நடுவே உள்ள பொருள் அமுங்குகிறது. நீண்ட தண்டு மீண்டும் சுருங்க முயலும். அந்த இழுப்புதான் நட்டை இறுகப் பிடித்து வைக்கிறது. அதாவது, திருகாணி ஓர் இறுக்கமான சுருள்வில் போல வேலை செய்கிறது. ஆனால் அதே இழுப்பு நட்டைச் சாய்தளத்தில் கீழே உருட்டிவிடவும் முயல்கிறது. உருளாமல் தடுப்பது எது? உராய்வு!

உலோகத்தின் மேல் உலோகம் உராயும்போது உராய்வுக் குணகம் ஏறத்தாழ 0.15 என்று கொள்ளலாம். சாய்வோ 0.08. உராய்வு சாய்வைவிடப் பெரியது. எனவே கணக்குப்படி நட்டு தானாகக் கழலவே கூடாது. ஆனாலும் கழல்கிறதே! இங்குதான் புதிர் இருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு பரீட்சை அட்டை, ஒரு ரூபாய் நாணயம், சில புத்தகங்கள் போதும். அட்டையின் ஒரு முனைக்கு அடியில் புத்தகங்களை அடுக்கிச் சாய்வாக வையுங்கள். நாணயத்தை அட்டையின் மேல்பகுதியில் வையுங்கள். அது வழுக்கினால் ஒரு புத்தகத்தை எடுத்துவிடுங்கள். நாணயம் அசையாமல் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் அது அங்கேயே நிற்கும்.

இப்போது அட்டையின் சாய்வை மாற்றாமல் அதை இடமும் வலமுமாக வேகமாக அசையுங்கள். மேலும் கீழும் அசைக்கக் கூடாது, பக்கவாட்டில் மட்டும். நாணயம் இடம் வலமாக வழுக்கும். கூடவே என்ன நடக்கிறது? ஒவ்வோர் அசைவுக்கும் சிறிது சிறிதாக அது கீழே இறங்கி வருகிறது! நீங்கள் அதைக் கீழ்நோக்கித் தள்ளவே இல்லை.

காரணம் இதுதான். உராய்வு எப்போதும் நகர்வுக்கு எதிர்த்திசையில் செயல்படும். அதன் அளவுக்கு ஓர் எல்லையும் உண்டு. தோட்டத்துக் காவலுக்கு ஒரே ஒரு நாய் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கு வேலியில் சத்தம் கேட்டு நாய் அங்கே ஓடிவிட்டால் மேற்கு வேலிக்குக் காவல் இல்லை. அதேபோல், நாணயம் பக்கவாட்டில் வழுக்கும் வேளையில் உராய்வு முழுவதும் அந்தப் பக்கத்து நகர்வைத் தடுப்பதிலேயே செலவாகிவிடுகிறது. சரிவின் பக்கம் காவல் இல்லை. நாணயம் நழுவுகிறது.

நாணயத்தின் இடத்தில் நட்டையும், அட்டையின் இடத்தில் மரையையும் வைத்துப் பாருங்கள். புதிர் அவிழ்ந்துவிட்டது!

ஜங்கர் காட்டிய உண்மை

இதை ஆய்வுக்கூடத்தில் தெளிவாக நிறுவிக் காட்டியவர் ஜெர்மன் பொறியியலர் கெர்ஹார்ட் ஜங்கர். 1969-ஆம் ஆண்டு அவர் தம் முடிவுகளை வெளியிட்டார். போல்ட்டால் இணைக்கப்பட்ட இரு பகுதிகளை, போல்ட்டுக்குக் குறுக்காக முன்னும் பின்னும் இழுக்கும் பொறி ஒன்றை அவர் பயன்படுத்தினார். போல்ட்டின் இழுப்பு எப்படிக் குறைகிறது என்பதையும் அளந்தார்.

போல்ட்டின் நீளவாக்கில் வரும் அதிர்வைவிடக் குறுக்குவாக்கில் வரும் நழுவல்தான் மிகக் கொடியது என்று தெரிந்தது. இணைந்த பகுதிகள் குறுக்கே நழுவத் தொடங்கிவிட்டால், நன்றாக இறுக்கிய நட்டுகூடத் தானே சுழன்று முற்றிலும் கழன்றுவிடும். நழுவாதவரை அது கழலாது. இன்றும் போல்ட்டுகளைச் சோதிக்கும் அந்த முறை ஜங்கர் சோதனை என்றே வழங்குகிறது.

இனி உங்கள் கண்ணாடிக்கு வருவோம். ஒரு நாளைக்கு ஆறு முறை அதைக் கழற்றி மாட்டுவதாகக் கொள்ளுங்கள். விரிப்பதும் மடக்குவதுமாகப் பன்னிரண்டு அசைவுகள். ஓர் ஆண்டில் 4,380 அசைவுகள்! துடைப்பதும், மூக்கின் மேல் ஏற்றிவிடுவதும் தனிக்கணக்கு. ஒவ்வோர் அசைவிலும் முனைத் தகடு வில்லையின் மேல் ஓர் இம்மி குறுக்கே நழுவுமானால், நீங்கள் அறியாமலே ஒரு ஜங்கர் சோதனையை நாள்தோறும் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

பட்டறையும் தோட்டுத் திருகாணியும்

இந்தத் தொல்லை கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. 1930-களில் பைகாரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின; கிணறுகளில் மின்பம்புகள் இறங்கின. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் கோவையில் மின்மோட்டார் உருவாக்கினர். இன்று மோட்டாருக்கும் பம்புக்கும் வெட் கிரைண்டருக்கும் பெயர்பெற்ற ஊர் இது. சுழலும் பொறி எங்கே உண்டோ, அங்கே அதிர்வும் உண்டு. அதிர்வு உள்ள இடத்தில் கழலும் நட்டும் உண்டு.

பட்டறைக்காரர்கள் இதற்கு என்ன செய்கிறார்கள்? ஒரு நட்டின் மேல் இன்னொரு நட்டைப் போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று எதிரெதிராக இறுக்குகிறார்கள். அதுவே செக் நட்டு. இரண்டு நட்டுகளும் ஒன்றையொன்று நெருக்குவதால், மரைக்கும் நட்டுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் போகிறது. பிடித்திருக்கும் பொருள் சற்றுத் தளர்ந்தாலும் மரையின் உராய்வு குறைவதில்லை. பிளவுபட்ட வளையமான ஸ்பிரிங் வாஷரையும் பலர் நம்புகிறார்கள். ஆனால் குறுக்கு நழுவலின் முன் அதனால் பெரும்பயன் இல்லை என்று சோதனைகள் காட்டியுள்ளன.

வீட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தோட்டின் திருகாணி கழன்று தோடு தொலைந்த கதை இல்லாத குடும்பம் உண்டா? மரை தேய்ந்த திருகாணியில் நூல் சுற்றிப் போடும் வழக்கத்தைப் பாட்டிமார் அறிவார்கள். நூல் என்ன செய்கிறது? மரைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை நிரப்பி உராய்வைக் கூட்டுகிறது. ஜங்கரைப் படிக்காமலே கண்ட வழி அது!

பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்கிறது

அப்புச்சியின் மோட்டாருக்கும் உங்கள் கண்ணாடிக்கும் உள்ள பெரிய வேறுபாடு, நடுவே அகப்பட்டிருக்கும் பொருள். மோட்டாரில் எஃகு போல்ட்டு வார்ப்பிரும்பைப் பிடிக்கிறது. கண்ணாடியில் நுண்ணிய திருகாணி பிளாஸ்டிக்கைப் பிடிக்கிறது. பெயர்தான் கண்ணாடி, இன்றைய வில்லைகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்தான். கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 2.5 கிராம், பாலிகார்பனேட்டின் அடர்த்தி 1.2 கிராம். பாதி எடைகூட இல்லை. மூக்குக்கு அது பெரிய உதவி.

ஆனால் பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு. தொடர்ந்து அமுக்கிக்கொண்டே இருந்தால், அது நாளடைவில் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். பொறியியல் மாணவர்கள் இதனை 'க்ரீப்' என்பார்கள். வெப்பம் கூடினால் இது விரைவாகும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் கண்ணாடியை வைத்துவிட்டு வந்தால், திருகாணியின் அடியில் உள்ள பிளாஸ்டிக் இன்னும் எளிதாக அமுங்கிவிடும். அத்துடன், சூட்டில் பாலிகார்பனேட் டைட்டேனியத்தைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு விரிவடையும். விரிய இடமில்லாமல் நெருக்குண்டு அமுங்கிய பிளாஸ்டிக், குளிர்ந்ததும் சுருங்குகிறது. அப்போது பழைய இறுக்கம் இருப்பதில்லை.

எவ்வளவு அமுங்கினால் பிடி போய்விடும்? தோராயமாகக் கணக்கிட்டால், வில்லைக்குக் கேடு வராத அளவில் இறுக்கும்போது, தண்டு நீள்வதும் வில்லை அமுங்குவதும் சேர்ந்து ஒரு மி.மீ.யில் நூறில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும். தலைமயிரின் பருமனில் அது ஒரு சிறு பகுதியே. பிளாஸ்டிக் அந்த அளவு விட்டுக்கொடுத்துவிட்டால் இறுக்கம் சுழி. பிறகு முனைத் தகடு நழுவத் தொடங்கும். நட்டும் இறங்கத் தொடங்கும்.

இன்னொரு சுற்று ஏன் ஆபத்து?

தளர்ந்தால் இறுக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். 'டிக்' என்ற ஒலியை நினைத்துப் பாருங்கள்.

1898-இல் கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியியலர் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். அகன்ற தகட்டில் சிறிய வட்டத் துளை ஒன்று இட்டுத் தகட்டை இழுத்தால், துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகப் பெருகுகிறது என்பது அதன் முடிவு. அணையின் மதகில் நீர் நெருக்கிக்கொண்டு பாய்வதைப் போல, விசைக் கோடுகள் துளையின் ஓரத்தில் நெருக்கமடைகின்றன. துளை இடும்போது ஏற்பட்ட கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் அங்கே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அளவுக்கு மீறி இறுக்கினால் கீறல் அங்கிருந்துதான் புறப்படும்.

விளிம்பில்லாக் கண்ணாடி வாங்குவோருக்குப் பாலிகார்பனேட் அல்லது டிரைவெக்ஸ் வில்லையைக் கண்ணாடி வல்லுநர்கள் பரிந்துரைப்பதும் இதனால்தான். இவை எளிதில் விரிசல் விடாத உறுதி படைத்தவை. சி.ஆர்.-39 என்ற பழைய பிளாஸ்டிக் தெளிவானது. ஆயினும் துளையோரத்தில் சில்லுப் பெயரும் இயல்பு அதற்கு அதிகம்.

ஆக, நமக்குக் கிடைக்கும் பாடம் இது: இறுக்கத்தைக் கூட்டுவதில் பயனில்லை; நழுவலை நிறுத்த வேண்டும்.

கடைக்காரர் என்ன செய்கிறார்?

நல்ல கண்ணாடிக் கடையில் நடப்பதைக் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கும்.

முதலாவது, துளையின் அளவு. திருகாணியைவிடத் துளை பெரிதாக இருந்தால், அதற்குள் திருகாணி அங்குமிங்கும் ஆடும். எனவே துளைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழல் ஒன்றைச் செருகுவார்கள். பட்டறை மொழியில் சொன்னால் ஒரு புஷ். அது இடைவெளியை நிரப்புகிறது.

இரண்டாவது, வாஷர். உலோகம் வில்லையை நேராகத் தொடாதவாறு மெல்லிய பிளாஸ்டிக் வாஷரை வைத்து, அதன் மேல் உலோக வாஷர் வைப்பார்கள். விசை பரந்த இடத்தில் பகிரப்படுகிறது. மேலும், வாஷர் சற்று அதிகம் அமுங்கி மீளும் தன்மை உடையது. ஆகவே வில்லை சிறிது விட்டுக்கொடுத்தாலும் பிடி முழுவதும் போய்விடாது.

மூன்றாவது, ஓரப் பிடி. முனைத் தகட்டில் வில்லையின் ஓரத்தை அணைத்து நிற்கும் சிறு வளைவு ஒன்று உண்டு. அது ஓரத்தோடு ஒட்டி நின்றால் வில்லை சுழல முடியாது. இடைவெளி விழுந்திருந்தால், கடைக்காரர் குறட்டால் மெல்ல வளைத்து ஒட்டச் செய்வார். ஆட்டத்தின் மூலகாரணம் பல சமயம் இங்கேதான் இருக்கும். இதைச் சரிசெய்யாமல் நட்டை மட்டும் இறுக்கினால், அடுத்த மாதம் மீண்டும் கடைக்குப் போக வேண்டியதுதான். இரட்டைத் துளை அமைப்பில் இரண்டாவது துளையே இந்தச் சுழற்சியைத் தடுத்துவிடுகிறது.

பசை போடலாமா?

1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வேதியியல் பேராசிரியர் வெர்னன் கிரீபிள் ஒரு விந்தையான நீர்மத்தை உருவாக்கினார். காற்றுப் படும்வரை அது நீர்மமாகவே இருக்கும். மரைகளுக்கு இடையே காற்றில்லாமல் உலோகத்தோடு அடைபட்டால் கெட்டியாகிவிடும். பாட்டியின் நூல் செய்த வேலையை வேதியியல் செய்கிறது! பின்னர் லாக்டைட் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது.

ஆனால் எச்சரிக்கை! இத்தகைய நீர்மம் பாலிகார்பனேட்டின் மேல் பட்டால், துளையோரத்தில் ஏற்கெனவே உள்ள தகைவோடு சேர்ந்து விரிசலை உண்டாக்கக்கூடும். நகப்பூச்சைத் தடவும் வழக்கம் சிலரிடம் உண்டு. அதிலுள்ள கரைப்பான்களும் பாலிகார்பனேட்டுக்குப் பகை. நொடியில் ஒட்டும் பசையின் ஆவி, வில்லையில் வெண்படலம் படியச் செய்யும். ஆகவே வீட்டில் எந்தப் பசையையும் முயல வேண்டாம். எந்த வில்லைக்கு எது ஆகும் என்று அறிந்தவர்கள் அதைச் செய்யட்டும்.

திருகாணியே இல்லாமல்

திருகாணிதான் கழல்கிறது என்றால் அதையே விட்டுவிட்டால் என்ன? வடிவமைப்பாளர்கள் அப்படியும் சிந்தித்தார்கள். வில்லையில் அருகருகே இரண்டு துளைகள். அவற்றில் இரட்டைப் பிளாஸ்டிக் குழல். கம்பியின் முனையிலுள்ள இரு முட்களை அதற்குள் அழுத்திச் செருகிவிட வேண்டும். அமுங்கிய பிளாஸ்டிக் முட்களை இறுகப் பற்றிக்கொள்ளும். மரை இல்லை, எனவே சாய்தளமும் இல்லை, இறங்குவதற்கு வழியே இல்லை! ஆஸ்திரியாவின் சில்லவுட் நிறுவனம் 1999-இல் திருகாணியும் கீலும் இல்லாத டைட்டேனியக் கண்ணாடியை வெளியிட்டுப் புகழ்பெற்றது.

ஆயினும் இதிலும் பிளாஸ்டிக் குழல் உண்டு. நாளடைவில் அது விட்டுக்கொடுக்கத்தான் செய்யும். அப்போது குழலை மட்டும் மாற்றினால் போதும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

இதுவரை படித்ததிலிருந்து இந்த விதிகளை நீங்களே வகுத்துவிடலாம்.

கண்ணாடியை எப்போதும் இரு கைகளாலும் மாட்டுங்கள். இரு கைகளாலும் கழற்றுங்கள். கடப்பாரைக் கணக்கு நினைவிருக்கட்டும்.

துடைக்கும்போது எந்த வில்லையைத் துடைக்கிறீர்களோ, அதே வில்லையின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வில்லையைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் துடைத்தால், நடுவிலுள்ள பாலமும் அதன் திருகாணிகளும் முறுக்குப்படும்.

வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லாதீர்கள். பையில் வைக்கும்போது கெட்டியான கூட்டில் வையுங்கள்.

மாதம் ஒரு முறை சோதியுங்கள். வில்லையை ஒரு கையின் விரல்களால் பிடித்துக்கொண்டு, கம்பியின் அடிப்பகுதியை மிக மெல்ல மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அன்றே கடைக்குச் செல்லுங்கள். நழுவல் தொடங்கிய பிறகு ஒவ்வோர் அசைவும் நட்டை இறக்கிக்கொண்டே இருக்கும்.

திருகாணி முற்றிலும் தொலைந்துவிட்டதா? துளை வழியாக மெல்லிய தூண்டில் நரம்பைக் கோத்துக் கட்டுங்கள். மென்மையான நரம்பு துளையைக் கீறாது. கடை திறக்கும்வரை அது தாங்கும். இரும்புக் கம்பியோ குண்டூசியோ கூடாது.

பந்து விளையாடுவோருக்கு விளிம்புள்ள கண்ணாடியே ஏற்றது. தேர்வு நாளன்று பழைய கண்ணாடி ஒன்றையும் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

அப்புச்சி தோற்றாரா?

இல்லை. அவர் அறிந்த விதி பொய்யன்று. இரும்பின் மேல் இரும்பை இறுக்கும்போது, நன்றாக இறுக்குவதே நழுவலை நிறுத்தும் வழி. இறுக்கம் மிகுந்தால் உராய்வு மிகும். உராய்வு மிகுந்தால் நழுவல் இல்லை. வில்லை அந்த இறுக்கத்தைத் தாங்காது என்ற ஒன்றைத்தான் அவர் எண்ணவில்லை. பம்பு செட்டின் போல்ட்டுக்கும், பாட்டியின் தோட்டுக்கும், உங்கள் மூக்கின் மேல் அமர்ந்திருக்கும் 1.4 மி.மீ. திருகாணிக்கும் சட்டம் ஒன்றே. எந்தப் பொருளைப் பிடித்திருக்கிறது என்பதைப் பார்த்து அந்தச் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்த முறை கண்ணாடி ஆடினால் அப்புச்சியிடமே கொண்டுபோங்கள். ஆனால் திருப்புளியை எடுக்குமுன் ஒரு பரீட்சை அட்டையையும் ஒரு ரூபாய் நாணயத்தையும் அவருக்குக் காட்டுங்கள். நாற்பது ஆண்டுகள் நட்டுகளோடு பழகியவர், நாணயம் சரிவில் இறங்குவதைப் பார்த்ததும் சிரித்துவிடுவார். பிறகு உங்களைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குக் கிளம்புவார்.